பக்கவாதத்துக்குப் பிறகு ஸ்பீச் தெரபி: பேச்சுக்கு முன்னால் புரை ஏறுவதைக் கவனியுங்கள்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். அப்பாவுக்கு 62 வயது, மூன்று வாரத்துக்கு முன்னால் மூளையின் இடது பக்கத்தில் ஸ்ட்ரோக், வலது கையும் காலும் வரவில்லை, எதைக் கேட்டாலும் "ஆமா ஆமா" என்று மட்டும் சொல்கிறார். பிசியோ தினமும் வீட்டுக்கு வருகிறார். ஸ்பீச் தெரபி என்பது பேச்சு வராத குழந்தைகளுக்குத்தானே, இந்த வயதில் பயன் இருக்குமா என்பது உங்கள் கேள்வி. அதற்குப் பதில், இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "தண்ணி குடிச்சா அடிக்கடி புரை ஏறுது, அம்மா தலையில தட்டிவிடுறாங்க." பதினேழு வருடமாகப் பெரியவர்களுக்குத்தான் அதிகமாகத் தெரபி கொடுத்துவருகிறேன், அந்த வரியைப் படித்ததும் மற்றதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது.

நம் வீடுகளில் புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டிவிட்டு மறந்துவிடுவோம். நல்ல உடம்புக்காரருக்கு எப்போதாவது ஏறினால் அது போதும். ஸ்ட்ரோக் வந்தவருக்கு அடிக்கடி ஏறினால், தண்ணீர் உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய் பக்கம் எட்டிப் பார்க்கிறது என்று அர்த்தம்.

தொண்டையில் விரலை லேசாக வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். குரல்வளை மேலே எழும்பி இறங்குவது விரலுக்குத் தெரியும். அந்த ஒரு நொடிக்குள் குரல்வளை மேலும் முன்னுமாக நகர்ந்து, அதன் மேலிருக்கும் மூடி கவிழ்ந்து, குரல் நாண்கள் இறுக்க ஒட்டி, மூச்சு நின்று, பின்னாலிருக்கும் உணவுக்குழாயின் வாய் திறக்க வேண்டும். இத்தனைக்கும் மூளைதான் தாளம் போடுகிறது. ஸ்ட்ரோக்கில் அந்தத் தாளம் கொஞ்சம் பிந்தினாலும், மூடுவதற்கு முன்பே தண்ணீர் வந்து சேர்ந்துவிடும், ஏனென்றால் வாயில் போடுகிற பொருள்களிலேயே வேகமாக ஓடுவது தண்ணீர்தான். "இட்லி நல்லா சாப்பிடுறார், தண்ணிக்குத்தான் இருமுறார், அதனால பெரிசா ஒண்ணுமில்லை" என்று பலர் சொல்வார்கள். தண்ணீருக்கு மட்டும் இருமுவதுதான் நாங்கள் முதலில் தேடுகிற அடையாளமே.

ஸ்ட்ரோக் வந்த முதல் நாட்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குவதில் ஏதோ ஒரு சிரமம் இருக்கும், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகும். சரியாகாதவர்களுக்கு நிமோனியா வரலாம். ஸ்ட்ரோக்கிலிருந்து பிழைத்து வந்தவரை நுரையீரல் தொற்றுக்குப் பறிகொடுத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இன்னொன்று, இருமுகிறவர் ஒரு வகையில் பரவாயில்லை, இருமலாவது உள்ளே போனதை வெளியே தள்ளப் பார்க்கிறது. சிலருக்குத் தொண்டையில் உணர்வே குறைந்துபோய், தண்ணீர் உள்ளே இறங்கினாலும் ஒரு இருமல்கூட வராது. அவர்களைக் கண்டுபிடிக்க வேறு அடையாளங்களைப் பார்க்க வேண்டும்: குடித்தபின் குரல் தொண்டையில் தண்ணீர் தளும்புவது போல கொழகொழவென்று மாறுவது, காரணம் தெரியாமல் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், சாப்பாட்டு நேரம் ஒரு மணி நேரமாக நீள்வது, வலது கன்னத்துக்குள் சோறு தேங்கி நிற்பது, எடை குறைவது.

ஆக இந்த வாரமே, விழுங்கும் பரிசோதனை செய்யத் தெரிந்த ஒரு ஸ்பீச் தெரபிஸ்டிடம் அழைத்துப் போங்கள், அல்லது வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். முதலில் சின்னச் சின்ன அளவாகக் கொடுத்துக் கையாலும் காதாலும் பார்ப்பார். தேவைப்பட்டால் பேரியம் கலந்த உணவைக் கொடுத்து விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோவாக எடுப்பார்கள், அல்லது ஈ.என்.டி. மருத்துவரோடு சேர்ந்து மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்ப்பார்கள். சத்தமில்லாமல் உள்ளே போவதை உறுதியாகக் காட்டுவது இந்த இரண்டும்தான். காய்ச்சல், மூச்சிரைப்பு, சளி அதிகமாவது என்று ஏதாவது இருந்தால் தெரபிஸ்டுக்குக் காத்திருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

அதுவரை வீட்டில் சில விஷயங்களை உடனே நிறுத்தலாம். அண்ணாந்து குடிப்பதை நிறுத்துங்கள். உதடு படாமல் சொம்பைத் தூக்கி ஊற்றிக் குடிப்பது நமக்குப் பழகிய விஷயம், அப்பாவும் அப்படித்தான் குடித்திருப்பார், ஆனால் தலையைப் பின்னால் சாய்த்தால் மூச்சுக்குழாயின் வாசல் அகன்று திறக்கிறது, தண்ணீரும் வேகமாக வந்து விழுகிறது. படுத்தபடியோ தலையணையில் சாய்ந்தபடியோ ஊட்டாதீர்கள், நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து, சாப்பிட்டபின்னும் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். ஊட்டுகிறவரும் உட்கார வேண்டும், நின்றுகொண்டு ஊட்டினால் அப்பா தானாகவே தலையைத் தூக்குவார். ஒரு வாய் விழுங்கி முடித்தபின் அடுத்த வாய், சாப்பிடும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், டிவியை அணைத்துவிடுங்கள். மோவாயை நெஞ்சோடு ஒட்டிக் குனிந்து விழுங்கச் சொல்லி யாராவது அறிவுரை தருவார்கள், அது சிலருக்கு உதவும், சிலருக்குக் கெடுதல் செய்யும், அதனால் பரிசோதனை இல்லாமல் வேண்டாம்.

வாயைச் சுத்தமாக வைப்பது இதைவிட முக்கியம் என்றுகூடச் சொல்வேன். எச்சில் எல்லோருக்கும் கொஞ்சம் உள்ளே போகும், அந்த எச்சிலில் எத்தனை கிருமி இருக்கிறது என்பதுதான் நிமோனியாவைத் தீர்மானிக்கிறது. காலையும் இரவும் பல், நாக்கு, இரண்டு கன்னத்தின் உட்பக்கம் எல்லாம் துலக்கிவிடுங்கள், பல்செட் இருந்தால் இரவு கழற்றிக் கழுவுங்கள். மூக்கு வழியாக டியூப் போட்டிருப்பவர்களுக்கும் இதே கதைதான், வாயில் சாப்பிடவில்லையே என்று விட்டுவிடுவார்கள், அவர்கள் வாய்தான் சீக்கிரம் கெடும்.

இனி சமையலறைக்கு வருகிறேன், இதில்தான் நம் சாப்பாட்டைத் தெரிந்த தெரபிஸ்ட் வேண்டும். ரசம் சோறு மென்மையானது, எளிதாக இறங்கும் என்று நினைத்துக் கொடுப்பார்கள். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு ரசம் சோறு மிகக் கடினமான உணவுகளில் ஒன்று, ஏனென்றால் வாயில் பருக்கையை மெல்லும்போதே ரசம் தனியாகப் பிரிந்து தொண்டைக்கு ஓடிவிடும். சாம்பாரில் மிதக்கும் இட்லிக்கும் இதே பிரச்சினை. புட்டு, பொரி, அவல், தேங்காய்த் துருவல் போட்ட பொரியல், இதெல்லாம் உதிர்ந்து தொண்டையில் சிதறும். குழையவைத்து மசித்த தயிர்சாதம், தண்ணீர் தனியாக நிற்காத கெட்டியான பருப்புச் சாதம், மசித்த வாழைப்பழம், கூழ் பதத்தில் கிச்சடி, இவை பலருக்கு ஒத்துவரும். உங்கள் அப்பாவுக்கு எது என்பதைப் பரிசோதனைதான் சொல்லும்.

தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொன்னால் எவ்வளவு கெட்டி என்ற கேள்வி வரும். உணவின் பதத்துக்கு இப்போது உலகம் முழுக்க 0 முதல் 7 வரை எட்டு நிலைகள் கொண்ட ஒரு அளவுமுறை இருக்கிறது, ஐ.டி.டி.எஸ்.ஐ. என்பார்கள். அதில் எனக்குப் பிடித்தது, அளப்பதற்கு மெஷின் வேண்டாம், மெடிக்கல் ஷாப்பில் வாங்குகிற 10 மி.லி. சிரிஞ்ச் போதும். தள்ளுதண்டை உருவி எடுத்துவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 மி.லி. வரை கஞ்சியை ஊற்றி, விரலை எடுத்துச் சரியாகப் பத்து நொடி ஓடவிட்டு மறுபடி அடைக்க வேண்டும். உள்ளே 1 முதல் 4 மி.லி. மிஞ்சினால் நிலை 1, 4 முதல் 8 என்றால் நிலை 2, 8-க்கு மேல் மிஞ்சி, கொஞ்சமாவது ஓடியிருந்தால் நிலை 3. வெறும் தண்ணீர் என்றால் மொத்தமும் ஓடிவிடும், அது நிலை 0. சிரிஞ்சில் பூஜ்யம் கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மி.மீ. இருக்க வேண்டும், கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும், அதனால் ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கஞ்சியில் ஒரு சூட்சுமம் உண்டு. அரிசிக் கஞ்சி, ராகிக் கூழ் எல்லாம் மாவுச்சத்தால் கெட்டியாவது, நம் எச்சிலில் மாவுச்சத்தை உடைக்கிற நொதி இருக்கிறது. வாய்க்குள் போய்வந்த ஸ்பூனையே திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால், கால் மணி நேரத்தில் அடியில் நீர்த்துப்போன கஞ்சி நிற்பதைப் பார்க்கலாம். ஆரம்பத்தில் சரியாகக் குடித்தவர் கடைசி நாலு வாய்க்கு ஏன் இருமுகிறார் என்று அம்மாக்கள் கேட்பார்கள், பல நேரம் காரணம் இதுதான். சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுங்கள், மிச்சத்தைப் பாத்திரத்தில் திரும்பக் கொட்டாதீர்கள். சாந்தன் பசையில் செய்த கெட்டியாக்கும் பவுடர்கள் எச்சிலுக்குக் கரையாது, ஆனால் விலை அதிகம். கெட்டித் தண்ணீர் யாருக்கும் பிடிக்காது, குடிப்பது குறையும், அதனால் உடம்பில் நீர் வற்றாமல் பார்க்க வேண்டும், நல்ல தெரபிஸ்ட் எத்தனை சீக்கிரம் முடியுமோ அத்தனை சீக்கிரம் சாதாரணத் தண்ணீருக்குத் திருப்பிக் கொண்டுவரத்தான் பார்ப்பார்.

மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீரோடு முழு மாத்திரை விழுங்குவது இப்போது கடினம். பொடித்துக் கொடுக்கலாமா என்று ஒவ்வொரு மாத்திரைக்கும் மருத்துவரிடம் தனித்தனியாகக் கேளுங்கள், மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது.

பரிசோதனையில் டியூப் போடச் சொன்னால் பயந்து மறுக்காதீர்கள். "டியூப் போட்டுட்டா அவ்வளவுதான்" என்ற எண்ணம் நம் வீடுகளில் வேரோடியிருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது சில வாரங்களுக்கான ஏற்பாடு, அந்தச் சில வாரங்களில் சத்துக் குறையாமல் இருந்தால்தான் கை கால் பயிற்சிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் தெம்பு இருக்கும். ஒரு மாதத்துக்கு மேலும் தேவைப்பட்டால் வயிற்றில் நேராக வைக்கிற டியூப் பற்றி மருத்துவர் பேசுவார், அதுவும் வேண்டாதபோது எடுத்துவிடக் கூடியதுதான்.

சரி, இனி பேச்சு.

அப்பாவின் டிஸ்சார்ஜ் தாளில் அஃபேசியா என்று எழுதியிருக்கும். நாக்கு பலவீனத்தால் வார்த்தை குழறுவது வேறு, அதில் சொல்ல வேண்டிய சொல் தெரியும், உச்சரிப்புத்தான் தெளியாது. அஃபேசியாவில் நாக்கு நன்றாக இருந்தாலும் சொல்லே கைக்கு வராது, அல்லது கேட்பது சரியாகப் புரியாது, படிப்பதும் எழுதுவதும்கூடத் தடைப்படும். 1861-ல் பாரிஸில் பியேர் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார், எதைக் கேட்டாலும் "டான்" என்ற ஒரே ஒலியைத்தான் சொல்வார், மற்றவர்கள் பேசுவது பெரும்பாலும் அவருக்குப் புரிந்தது. அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தபோது இடது முன்பகுதி கெட்டிருந்தது, பேச்சுக்கும் மூளையின் இடது பக்கத்துக்கும் உள்ள தொடர்பு அப்படித்தான் தெளிவாகத் தொடங்கியது. உங்கள் அப்பாவின் "ஆமா ஆமா"வும் இந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். அவர் ஒப்புக்கொள்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேண்டாம் என்று நினைத்தாலும் வாயில் "ஆமா"தான் வரும், அதை நம்பி வேண்டாத தோசையைக் கொடுத்தால் அவர் தட்டைத் தள்ளிவிடுவார், வீட்டில் "கோபம் அதிகமாயிடுச்சு" என்பார்கள். கட்டைவிரலை மேலே காட்டினால் சரி, கீழே காட்டினால் வேண்டாம் என்று பழக்குங்கள், எதைக் கேட்டாலும் வாய்ச் சொல்லோடு விரலையும் பாருங்கள்.

தேனும் வசம்பும் நாக்கில் தடவுவது, பலூன் ஊதச் சொல்வது, நாக்கை நீட்டி மடக்கச் சொல்வது, இதெல்லாம் அநேகமாக ஏற்கெனவே ஆரம்பித்திருப்பீர்கள். அன்பினால் செய்வதுதான், ஆனால் அஃபேசியா நாக்கில் இல்லை, பலூன் ஊதி எந்தச் சொல்லும் திரும்பி வராது. அந்த நேரத்தைப் பேச்சிலேயே செலவழியுங்கள்.

அப்புறம், குழந்தைகளுக்கான அணில், ஆடு, இலை சார்ட்டையும் அநேகமாக அவருக்காக மாட்டியிருப்பீர்கள். தயவுசெய்து அதைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். 62 வயதுக்காரர், குடும்பம் நடத்தியவர், அவருக்கு அறிவு போகவில்லை, சொல்லுக்குப் போகிற வழிதான் அடைபட்டிருக்கிறது. அவருடைய வாழ்க்கையில் இருக்கிற பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள், பாங்க் பாஸ்புக், மூக்குக்கண்ணாடி, பேரன் போட்டோ, வண்டிச் சாவி. வீட்டில் பேசுகிற தமிழிலேயே செய்யுங்கள், "தண்ணி" என்று வாழ்நாளெல்லாம் சொன்னவரிடம் "நீர்" என்று சொல்லவைக்க வேண்டாம்.

வழி எப்படித் திறக்கும் என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வந்தபோது அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரே சொல், "ரைட்". காப்பி வேண்டுமா என்றாலும் ரைட், வலிக்கிறதா என்றாலும் ரைட். மனைவி அழுதுகொண்டிருந்தார். வருடக்கணக்கில் வாய்க்குப் பழகி வரிசையாக ஓடுகிற சொற்கள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும், ஒன்று இரண்டு மூன்று, கிழமைகள், சாமி பாட்டு, ஏன், கெட்ட வார்த்தைகூட. அவருக்கு அது பஸ் ரூட். மதுரையிலிருந்து தேனி வரை நான் ஒவ்வொரு ஸ்டாப்பாகச் சொல்ல அவரும் கூடவே சொன்னார். நாலாவது நாள் "செக்கானூரணி" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தேன், அவர் இடது கையால் தொடையில் இரண்டு தட்டுத் தட்டி "உசிலம்பட்டி" என்றார். அங்கிருந்து ஒரு தாளில் கோடு போட்டு, ஸ்டாப்புகளைக் குறித்து, வரிசையை உடைத்துத் தனியாக ஒவ்வொன்றைக் கேட்க ஆரம்பித்தோம். மகளை எங்கே கட்டிக்கொடுத்தீர்கள் என்ற கேள்விக்கு "ஆண்டிப்பட்டி" என்று வர இரண்டு மாதம் ஆயிற்று. வரிசையில் சொல்வது பழக்கம், கேள்விக்குச் சொல்வது பேச்சு, நடுவில் இருக்கிற அந்தத் தூரத்தைக் கடக்கவைப்பதுதான் எங்கள் வேலை. அவருக்கு முழு வாக்கியம் இன்னும் வரவில்லை, ஆனால் தனியாக டீக்கடைக்குப் போய்ச் "சக்கரை கம்மி" என்று சொல்லி வாங்கிக் குடிக்கிறார்.

உங்கள் அப்பாவுக்கும் அவருடைய வரிசை எது என்று தேடுங்கள். பழமொழியைப் பாதியில் நிறுத்தினால் முடிக்கிறாரா பாருங்கள், "உப்பில்லாப் பண்டம்…" என்று சொல்லிக் காத்திருங்கள். பத்து நொடி முழுசாகக் காத்திருங்கள், அது நீங்கள் நினைப்பதைவிட நீளம். வரவில்லை என்றால் உடனே சொல்லிக் கொடுக்காமல் முதலில் பொருளால் தூண்டுங்கள், "காலையில சூடா, டம்ளர்ல, அம்மா போட்டுத் தருவாங்களே", பிறகு முதல் எழுத்து, "காப்…". அப்போதும் வரவில்லையா, நீங்களே சொல்லுங்கள், அவர் கூடச் சொல்லட்டும். பாட்டு நன்றாக வருகிறது, ஆனால் பேச்சு வரவில்லை என்றால் ராகமாகச் சொல்லவைத்துப் பேச்சுக்கு இறக்குகிற ஒரு முறை 1973-லிருந்தே இருக்கிறது, புரிதல் நன்றாக இருந்து சொல் மட்டும் வராதவர்களுக்கு அது பொருந்தும். வெறுமனே சினிமாப் பாட்டுப் பாடவைப்பது மனசுக்கு நல்லது, அதனாலேயே பேச்சு வந்துவிடாது.

"ஆறு மாசத்துக்குள்ள வந்தாத்தான் உண்டு" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மை, அதனால் தள்ளிப்போடாதீர்கள். ஆறு மாதத்தோடு கதவு மூடிவிடும் என்பது உண்மையில்லை. 2017-ல் ஜெர்மனியில் 156 பேரை வைத்துச் செய்த ஆய்வு லான்செட் இதழில் வந்தது, எல்லோரும் ஸ்ட்ரோக் வந்து ஆறு மாதமாவது கடந்தவர்கள். மூன்று வாரம், வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம் தெரபி கொடுத்தபோது அன்றாடப் பேச்சில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது, இந்தத் தெரபிக்காகக் காத்திருந்தவர்களிடம் அது இல்லை. வாரம் ஒரு நாள் முக்கால் மணி நேரம் என்பது இதற்குப் பக்கத்தில்கூட வராது. தினமும் தெரபிஸ்டுக்குப் பணம் கட்ட எல்லா வீட்டாலும் முடியாது, எனக்குத் தெரியும். அதனால் வாரம் ஒன்றோ இரண்டோ முறை அவரிடம் போங்கள், ஒவ்வொரு முறையும் வீட்டில் ஒருவர் கூட உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்து, காலையும் மாலையும் அரை அரை மணி நேரம் செய்யுங்கள்.

யாரிடம் போவது? தெரபிஸ்ட் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை. அடிப்படைப் படிப்பு இன்டர்ன்ஷிப்போடு நான்கு வருடம். சில மாதக் கோர்ஸ் முடித்துவிட்டு போர்டு வைத்திருப்பவர்களிடம் விழுங்கும் பிரச்சினையோடு போகாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஈ.என்.டி. பிரிவில் முதலில் விசாரியுங்கள். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது, மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமும் இருக்கிறது. போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பெரியவங்களுக்கு, ஸ்ட்ரோக் வந்தவங்களுக்குப் பண்றீங்களா?" குழந்தைகளுக்கு மட்டும் செய்பவர்கள் நிறையப் பேர், நல்லவர்கள் உடனே வேறொருவரைக் கைகாட்டிவிடுவார்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒரு பிரிவு, அஃபேசியா அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. நிரந்தரமான குறைபாட்டுக்குத்தான் சான்றிதழ் என்பதால் இப்போதே அலைய வேண்டாம், தாள்களை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

முதல் முறை போகும்போது இவற்றை எடுத்துப் போங்கள்: டிஸ்சார்ஜ் தாள், மூளை ஸ்கேன், மாத்திரைச் சீட்டு. மூன்று நாளைக்கு ஒரு நோட்டில், அப்பா என்ன சாப்பிட்டார், எதற்கு இருமினார், எவ்வளவு நேரமானது என்று எழுதுங்கள். அவர் தானாக வாய்விட்டுச் சொன்ன சொற்களையும் எழுதுங்கள், "ஆமா" தவிர வேறு ஏதாவது, கோபத்தில் திட்டியதாக இருந்தாலும் சரி, அதையும் வெட்கப்படாமல் எழுதுங்கள், நாங்கள் அங்கிருந்துதான் ஆரம்பிப்போம்.